வகுப்புக்கு ஓர் இணையப் பக்கம்



தொடக்கப்பள்ளி வகுப்புகளில் இணையப் பக்கத்தையும் வலைப்பூவையும் எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

பினாங்கில் தமிழ்க் கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. 1816-ஆம் ஆண்டு பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கப்பெற்றது. அன்று முதல் கற்பிக்கும் கருவிகள் மாறிக்கொண்டே வந்துள்ளன. 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, கைப்பேசியே கரும்பலகை ஆயிற்று. அவ்வாண்டு ஜூன் மாதம் கல்வி அமைச்சு ‘டெலிமா’ என்னும் இணையக் கற்றல் தளத்தைத் தொடங்கியது.

அக்காலத்தில் வகுப்புப் பக்கம், பயிற்சித்தாள் போய்வரும் தபால்பெட்டியாக இருந்து உதவியது. பள்ளிகள் வழக்கம்போல் நடக்கும் இந்நாளில் அதற்கு வேறொரு பணி உண்டு. பிள்ளையின் எழுத்துக்கு வாசகரைத் தேடித் தருவதே அப்பணி.

கட்டுரை எழுதும் பிள்ளைக்கு வழக்கமாக ஒரே வாசகர்தான். அவர் ஆசிரியர், அவரும் சிவப்பு மையோடு வருகிறார். தண்ணீர்மலைத் தைப்பூசத்தைப் பற்றித் தான் எழுதியதைப் பாட்டியும் படிப்பார் என்று தெரிந்தால், ‘காவடி அழகாக இருந்தது’ என்பதோடு ஒரு மாணவி நிறுத்திக்கொள்ளமாட்டாள். எப்படி அழகு என்று பாட்டி கேட்பாரே! இன்னும் இரண்டு வரி தானாகவே வரும்.

இதற்கு வழிமுறை எளியது. பிள்ளைகள் முதலில் நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். இருவர் இருவராக மாற்றிப் படித்துத் திருத்தட்டும். பிறகு வாரம் ஒரு குழு, பள்ளிக் கணினியில் தட்டச்சுச் செய்யட்டும். ‘தமிழ் 99’ விசைப்பலகையைப் பழக்குவது நலம். அதில் உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்யெழுத்துகள் வலப்புறமும் உள்ளன. ககர விசையை அடுத்து இகரத்தைத் தட்டினால் ‘கி’ வரும். 12 உயிரும் 18 மெய்யும் கூடி 216 உயிர்மெய் ஆகும் இலக்கணத்தை விரல்களே கற்றுக்கொள்கின்றன. ஆங்கில எழுத்தின் ஒலிவழித் தட்டும் முறையில் இப்பயன் குறைவு.

இங்கே ஒன்றை மறந்துவிடலாகாது. நம் தோட்டப்புற வீடுகள் பலவற்றில் கைப்பேசி ஒன்றுதான். அதுவும் வேலைக்குப் போகும் தந்தையின் சட்டைப்பையில் இருக்கும். ஆகவே, பக்கத்திற்கான வேலை முழுவதையும் பள்ளி நேரத்திலேயே முடிக்கவேண்டும், வீட்டுப்பாடமாக்கக் கூடாது. வெளியிட்ட ஒவ்வொன்றையும் அச்செடுத்து வகுப்புச் சுவரில் ஒட்டவேண்டும். ஒரு படி வீட்டுக்கும் போகவேண்டும். இணையமில்லாத வீட்டிலும் பாட்டி அதைப் படிப்பார்.

பெற்றோரின் எழுத்துவழி இசைவைப் பெற்றபின்னரே எதையும் வெளியிடுவோம். பிள்ளையின் முழுப்பெயர், முகப்படம், வீட்டு முகவரி ஆகியவை வேண்டாம். வெளியார் கருத்துரைகளை ஆசிரியர் பார்த்த பின்னரே பிள்ளைகள் கண்ணில் படச் செய்வோம்.

பெற்றோர்களே, உங்கள் பங்கு சிறியது. பிள்ளை எழுதியதைப் படியுங்கள். படித்தபின் ஒரு கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்விக்காகவே அடுத்த வாரம் அது இன்னும் நன்றாக எழுதும்.

ஒரு பிள்ளை விடுபட்டாலும் அது வகுப்பின் பக்கம் ஆகாது. இதை மனத்தில் கொண்டு தொடங்குவோம்.