லோங்காங் அடைத்தால் யாரிடம் சொல்வது?



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு ஒரு பழக்கம் உண்டு. குழாயில் தண்ணீர் வரவில்லையா, கிராணியிடம் சொல்வோம். கூரைத் தகரம் காற்றில் பறந்துவிட்டதா, அதையும் கிராணியிடமே சொல்வோம். லயத்துக்குப் பின்னால் கால்வாய் அடைத்துக்கொண்டால், காலைப் பெரட்டில் கங்காணியின் காதில் போடுவோம். அவர் கிராணியிடம் சொல்வார், கிராணி துரையிடம் சொல்வார். வேலை நடக்கும், அல்லது நடக்காது. ஆனால் யாரிடம் சொல்வது என்ற குழப்பம் மட்டும் நமக்கு இருந்ததில்லை. வேலை கொடுத்தவரும் வீடு கொடுத்தவரும் விளக்குக் கொடுத்தவரும் ஒருவரே அல்லவா?

ரவாங் வட்டாரத்தில் பால்மரமும் செம்பனையும் நின்ற நிலங்கள் பல இன்று தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. நம் குடும்பங்கள் பல லயத்தை விட்டு வரிசை வீட்டுக்கும் அடுக்குமாடிக்கும் வந்துவிட்டன. துரையும் இல்லை, கிராணியும் இல்லை. ஆனால் லோங்காங் மட்டும் முன்போலவே அடைத்துக்கொள்கிறது. பிள்ளையைப் பள்ளியில் விட வரும் தாய்மார்கள் எங்களைப் போன்ற ஆசிரியர்களிடம் வந்து, "சார், இதை யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்று கேட்கிறார்கள். இன்று அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறோம்.

ரவாங் சாதாரணப் பட்டணம் அல்ல. 1894-ஆம் ஆண்டிலேயே இங்குள்ள ஈயச் சுரங்கத்துக்காக லோக் இயூவும் நம்மவரான கே. தம்புசாமிப் பிள்ளையும் மின்சார இயந்திரம் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மலாயாவில் மின்சாரத்தை முதலில் கண்ட ஊர் என்ற பெயர் ரவாங்குக்கு அதனால் வந்தது. பட்டணத்தில் விளக்கு எரிந்த பிறகும் சுற்றியிருந்த தோட்டங்களில் நம் பாட்டன்மார் பல்லாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கடியில்தான் சோறு தின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். பட்டணத்துக்கு ஒரு நிர்வாகம், தோட்டத்துக்கு வேறொரு நிர்வாகம் என்று இருந்த காலம் அது.

அந்த இரண்டு நிர்வாகங்களையும் முதலில் பிரித்துப் பார்ப்போம். இன்னும் தோட்ட வீட்டில் குடியிருப்பவர்களுக்கு வீட்டுப் பழுது, குழாய்த் தண்ணீர், மின்சாரம், சுற்றுப்புறத் துப்புரவு ஆகியவை முதலாளியின் கடமை. 1990-ஆம் ஆண்டில் வந்த தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு வசதிச் சட்டம், அதாவது 446-ஆவது சட்டம், அப்படித்தான் சொல்கிறது. 2019-இல் அது திருத்தப்பட்டு மற்றத் தொழில்களுக்கும் விரிவாக்கப்பட்டது. இதில் குறை இருந்தால் போக வேண்டிய இடம் தொழிலாளர் இலாகா. தாமானுக்கு வந்துவிட்டவர்களுக்கு ஊராட்சி மன்றம். ரவாங்குக்கு அது செலாயாங் நகராண்மைக் கழகம். தலைமை அலுவலகம் பண்டார் பாரு செலாயாங்கில் இருக்கிறது. முன்பு கோம்பாக் மாவட்ட மன்றமாக இருந்தது 1997-இல் நகராண்மைக் கழகம் ஆயிற்று. வடக்கே கொஞ்ச தூரம் போய்ச் செரண்டாவைத் தொட்டால் அது உலு சிலாங்கூர் நகராண்மைக் கழகத்தின் எல்லை. ஒரே பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் இரண்டு குடும்பங்கள் இரண்டு மன்றங்களின் கீழ் இருக்கலாம். வீட்டு வரிச் சீட்டின் மேலே எந்த மன்றத்தின் பெயர் அச்சாகியிருக்கிறதோ அதுதான் உங்கள் மன்றம்.

இனி மன்றத்தின் வேலை எது, எது அல்ல என்று பார்க்கலாம். குப்பை அள்ளுவது, தாமான் கால்வாய், உட்சாலை, தெருவிளக்கு, பூங்கா, சந்தை, ஒட்டுக்கடை உரிமம், கட்டடம் கட்ட அனுமதி, தெருநாய், கொசு ஒழிப்பு ஆகியவை மன்றத்தைச் சேர்ந்தவை. குப்பை விஷயத்தில் சில மாநிலங்களில் கூட்டரசு அரசாங்கமே பொறுப்பை எடுத்துக்கொண்டது. சிலாங்கூர் அந்த ஏற்பாட்டில் சேராததால் இங்கு ஊராட்சி மன்றங்களே பொறுப்பு. குழாய்த் தண்ணீருக்கு ஆயர் சிலாங்கூர். கழிவுநீர்க் குழாய்க்குப் பெரும்பாலும் இண்டா வாட்டர். ஆறு என்றால் வடிகால் நீர்ப்பாசன இலாகா. ரவாங் பட்டணத்தின் நடுவே ஓடும் கூட்டரசுச் சாலை பொதுப்பணி இலாகாவின் கையில் இருக்கிறது.

இந்த வேறுபாடு தெரியாமல் நம்மவர்கள் வீணாக அலைகிறார்கள். நாங்கள் அறிந்த ஒரு தாமானில் மழை பெய்யும்போதெல்லாம் கால்வாய் நிரம்பித் தண்ணீர் முன்வரிசை வீடுகளுக்குள் ஏறிற்று. குடியிருப்பாளர்கள் மாதக்கணக்கில் ஓர் அலுவலகத்துக்கு நடந்தார்கள். ஒவ்வொரு முறையும் "பார்க்கிறோம்" என்ற பதில்தான். கடைசியில் ஓர் இளைஞர் கால்வாயின் போக்கிலேயே நடந்து போய்ப் பார்த்தார். அடைப்பு தாமானுக்குள் இல்லை, பெரிய சாலையை ஒட்டிய மதகில் இருந்தது. அது வேறு இலாகாவுக்கு உரியது. படத்தோடு ஒரு கடிதம் அந்த இலாகாவுக்குப் போனது. அதன் நகல் மன்றத்துக்கும் போனது. பிறகே மண்வெட்டியும் லாரியும் வந்தன. அந்த இளைஞர் செய்ததை எந்த அதிகாரியும் முதல் நாளே செய்திருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். நாங்களும் அதைத்தான் சொல்கிறோம். ஆனாலும் அந்த நடை வீணாகவில்லை.

கால்வாயை ஏதோ சின்ன விஷயம் என்று எண்ண வேண்டாம். 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ரவாங்கில் சுங்கை கோங் என்று ஓர் ஆறு இருக்கிறது. கோலாலம்பூரில் அதன் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் அதுவரை அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். அந்த ஆற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்தது. சுங்கை கோங் சுங்கை செம்பாவில் சேர்கிறது, அது சிலாங்கூர் ஆற்றில் சேர்கிறது. சிலாங்கூர் ஆற்றுத் தண்ணீரைத்தான் கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி குடிக்கிறது. தண்ணீரில் வாடை ஏறியதும் நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்த வேண்டி வந்தது. ஏறத்தாழ 12 இலட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. கணக்கு என்றால் ஆள் அல்ல, வீடும் கடையும் ஆகும். கோலாலம்பூர், பெட்டாலிங், கிள்ளான், ஷா ஆலாம், கோலா சிலாங்கூர், கோலா லங்காட் என்று எங்கும் வாளிகள் வரிசை பிடித்தன. கோவிட் காலம் வேறு. கையைக் கழுவு, கழுவு என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்கள். மருத்துவமனைகளுக்கு லாரியில் தண்ணீர் கொண்டு போனார்கள்.

ஒரு தொழிற்சாலை எந்த நிலத்தில் எழும்பலாம், என்ன தொழில் செய்யலாம், உரிமம் உண்டா என்பவை ஊராட்சி மன்றத்தின் மேசைக்கு வருகிற விஷயங்கள். மன்ற அதிகாரி ஒவ்வொரு கால்வாய்க்கும் ஒவ்வொரு நாளும் போக முடியாது. ஆனால் அந்தக் கால்வாயின் ஓரத்தில் வாழ்கிறவர்கள் நாம். ஆற்றோரத்தில் தூண்டில் போடுகிறவரும், செம்பனைக் குலை வெட்டப் போகிறவரும், வேலைக்குப் போகும் வழியில் பாலத்தைக் கடக்கிறவரும் தண்ணீரின் நிறம் மாறியதையும் எண்ணெய் படர்ந்ததையும் எல்லாருக்கும் முன்னால் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தால் அன்றைக்கே மன்றத்துக்கும் சுற்றுச்சூழல் இலாகாவுக்கும் தெரிவிக்க வேண்டும். "நமக்கு எதுக்கு வம்பு" என்று பேசாமல் வந்துவிட்டால், மறுநாள் நம் வீட்டுக் குழாயிலேயே அந்த வம்பு வந்து நிற்கும்.

சரி, மன்ற உறுப்பினரை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோமா என்றால், இல்லை. முன்பு தேர்ந்தெடுத்தோம். 1951-இல் ஜார்ஜ் டவுனிலும் அடுத்த ஆண்டு கோலாலம்பூரிலும் ஊராட்சித் தேர்தல்கள் நடந்தன. இந்தோனேசியாவுடன் மோதல் நடந்த காலத்தில், 1965-இல், அவை நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டில் ஊராட்சி மன்றங்களை ஆராய ஓர் அரச விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதற்குத் தலைவராக இருந்தவர் செனட்டர் ஆதி நாகப்பன், நம் தமிழர். அந்தக் குழு நாடெங்கும் விசாரித்து 1968-இல் அறிக்கையை முடித்தது. குறைகள் இருந்தாலும் மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றமே வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அறிக்கை 1971-இல் வெளியிடப்பட்டது; பரிந்துரையை அரசாங்கம் ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம் தேர்தலை நீக்கிவிட்டு, உறுப்பினர்களை மாநில அரசாங்கம் நியமிக்கும் முறையை வைத்தது. தலைவர் ஒருவரும், 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மிகாமலும் உறுப்பினர்களும் இருப்பார்கள். இந்த முறை சரியா என்று நாட்டில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஓட்டு இருந்தால் நல்லது என்பது எங்கள் எண்ணம். அது வரும் வரையில் நம் கையில் இருப்பது கடிதம்.

கடிதம் என்றதும் பலர் பின்வாங்குகிறார்கள். மலாயில் எழுத வேண்டுமே என்ற தயக்கம். உங்கள் வீட்டில் ஆறாம் ஆண்டு படிக்கும் பிள்ளை இருந்தால் அந்தத் தயக்கம் வேண்டாம். அதிகாரப்பூர்வக் கடிதம் எழுதும் முறையைப் பள்ளியில் நாங்கள் சொல்லித் தருகிறோம். பிள்ளை எழுதட்டும், தாய் கையெழுத்துப் போடட்டும். ஒரு கடிதத்தில் ஒரு குறையை மட்டும் எழுதுங்கள். நாயையும் விளக்கையும் லோங்காங்கையும் ஒன்றாகக் கலந்தால் அது மூன்று மேசைகளில் சுற்றி ஒன்றிலும் நிற்காது. சாலையின் பெயர், எந்த வீட்டு எண்ணுக்கு எதிரில், எந்தத் தேதியிலிருந்து என்பவை இருக்க வேண்டும். கைத்தொலைபேசியில் எடுத்த படம் ஒன்று போதும். வீடு வாடகை வீடாக இருந்தாலும் புகார் செய்யலாம். முக்கியமானது புகார் எண். அதைக் கேட்டு வாங்கி, நாட்காட்டியின் பின்புறத்திலாவது எழுதி வையுங்கள். இரண்டு வாரம் கழித்து அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் அதிகாரி கோப்பை எடுத்தாக வேண்டும். கோயில் திருவிழாவில் உறுப்பினரைப் பார்த்து, "ஐயா, எங்க லோங்காங்கைக் கொஞ்சம் கவனிங்க" என்று சொல்வதும் தவறல்ல. அவர் தலையாட்டுவார். ஆனால் தலையாட்டியதற்கு எண் கிடையாது.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாடிப்படி, மின்தூக்கி, கூரைத் தண்ணீர்த்தொட்டி, வளாகத்துக்குள் இருக்கும் கால்வாய் ஆகியவை மன்றத்தின் பொறுப்பு அல்ல. 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி அவை வீட்டுக்காரர்களின் நிர்வாகக் குழுவைச் சேர்ந்தவை. அந்தக் குழு கணக்குக் காட்டவில்லை, கூட்டம் கூட்டவில்லை என்றால் கட்டட ஆணையரிடம் முறையிடலாம். அவருடைய பிரிவு ஊராட்சி மன்றத்திலேயே இருக்கிறது.

வீட்டு வரியைப் பற்றியும் கேட்கிறார்கள். மன்றம் வாங்கும் வரி வேறு, நில அலுவலகம் வாங்கும் நிலவரி வேறு. மன்ற வரி ஆண்டுக்கு இரண்டு தவணை. பிப்ரவரி முடிவதற்குள் ஒன்று, ஆகஸ்டு முடிவதற்குள் ஒன்று. உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு என்ன கிடைக்கும் என்று மதிப்பிட்டு, அதில் நூற்றுக்கு இவ்வளவு என்று போடுகிறார்கள். மாதம் 500 வெள்ளி வாடகை பெறுகிற வீடானால் ஆண்டுக்கு 6,000 வெள்ளி. விகிதம் நூற்றுக்கு 4 என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் வரி 240 வெள்ளி; ஒரு தவணைக்கு 120 வெள்ளி. புதிய மதிப்பீட்டு அறிவிப்பு வந்து தொகை அதிகம் என்று தோன்றினால், காரணம் காட்டி எழுத்து மூலம் ஆட்சேபிக்கச் சட்டம் இடம் தருகிறது. மதிப்பீட்டைத் திருத்துவதற்குக் குறித்திருக்கும் நாளுக்கு 14 நாட்களாவது முன்னதாகக் கடிதம் போய்ச் சேர வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்த அறிவிப்பு சாமி மேடைக்குக் கீழேயே கிடந்து நாள் தவறிப்போகிறது.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. மன்றத்தின் முழுக்கூட்டம், மன்றமே வேறுவிதமாகத் தீர்மானித்தாலன்றி, பொதுமக்களும் பத்திரிகையாளர்களும் வந்து கேட்கத் திறந்தது. 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. பேச அனுமதி இல்லை, உட்கார்ந்து கேட்கலாம். உங்கள் தாமானிலிருந்து நான்கு பேர் ஒரு காரில் பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொண்டு போகலாம். கூட்டம் எந்த நாள், எத்தனை மணிக்கு என்பதை முன்கூட்டியே மன்ற அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். போகிறவர்கள் புகார் எண்ணை எழுதிய தாளையும் கையில் கொண்டு போகட்டும்; கூட்டம் முடிந்து உறுப்பினர்கள் வெளியே வரும்போது அது பயன்படும்.