உழைப்பவர் கைக்கடிகாரம்

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடையது. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் அது கடலோடு கலக்கின்றது. அதனால் வாவியின் நீரிலும் உப்பு, அதன் மீது வீசும் காற்றிலும் உப்பு. எழுவான்கரையில் வலை வீசுவோரும், படுவான்கரை வயல்களில் சேற்றிலே நிற்போரும், கட்டடங்களிற் சாந்து குழைப்போரும் நேரம் அறிய விரும்பிக் கைக்கடிகாரம் அணிகின்றனர். உவர்நீரும் வியர்வையும் அக்கடிகாரத்துக்கு ஓயாத பகைகள்.

கடையின் கண்ணாடிப் பெட்டியிலே பொன்னிறத்திலும் கருநிறத்திலும் கடிகாரங்கள் மின்னுகின்றன. அவற்றுள் இரண்டு, பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும்; விலையில் மட்டும் பெரிய வேற்றுமை இருக்கும். மலிவானதை நோக்கிக் கை நீளுவது இயல்பே. ஆயினும் நிறத்தைத் தருவது மேற்பூச்சு. ஆயுளைத் தருவது அதன் கீழுள்ள உலோகம்.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசிப் புழங்கிய வீட்டாருக்கு இவ்வுண்மை புதிதன்று. ஈயம் தேய்ந்த இடத்திலே புளி பட்டாற் களிம்பு ஏறும். மலிவான கடிகாரங்களிற் பல, பித்தளையாலோ நாகக் கலவையாலோ செய்யப்பட்டு, நிக்கல், குரோமியம் அல்லது பொன்முலாம் பூசப்பெற்றவை. சட்டைக் கை உராயும் விளிம்பில் முலாம் முதலிலே தேயும். அவ்வழியே உவர்நீர் புகுந்து உள்ளுலோகத்தைத் தின்னும். பூச்சும் செதில் செதிலாகக் கழலும். வெளிப்பட்ட நிக்கல் சிலருடைய தோலிலே தினவையும் தடிப்பையும் உண்டாக்கும். பாத்திரத்துக்கு மீண்டும் ஈயம் பூசலாம். மலிவான கடிகாரத்துக்கு மீண்டும் முலாமிடும் கூலியோ அதன் விலையையே விஞ்சிவிடக்கூடும்.

துருவேறா உருக்கின் மீது, வெற்றிடத்திலே ஆவிநிலையிற் படிவிக்கப்படும் பூச்சு வேறு வகையினது. பொன்னிறத்துக்கு டைட்டேனியமும் நைதரசனும் சேர்ந்த சேர்வை பயன்படுகின்றது. கருநிறத்துக்குக் காபன் படலமும் உண்டு. இத்தகைய படலத்தின் தடிப்பு பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திற் சில பங்கே. எனினும் அது உருக்கினும் பன்மடங்கு கடினமானது. நாளாந்த உராய்வை அது தாங்கும். கல்லிலே பலமாக மோதினால், அடியிலுள்ள உருக்கு நெளிய, பூச்சும் உடையும். அப்பொழுதும் உள்ளே இருப்பது துருவேறா உருக்காதலின், குறைவது அழகேயன்றி ஆயுளன்று. 316 எல் எனப்படும் உருக்கிலே மொலிப்தீனம் கலந்திருத்தலால் அது உப்புக்கு நன்கு ஈடுகொடுக்கும்.

வாங்குமுன் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தல் நன்று. பின்மூடியில் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று பொறித்திருந்தால், அது மூடியைப் பற்றிய உறுதி மட்டுமே. உடல் வேறு உலோகமாயிருக்கலாம். ‘ஆல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்பதே உடலுக்கும் சேர்த்துச் சொல்லப்படுவது. அவ்வாறே, 30 மீற்றர் என்ற குறி அவ்வளவு ஆழம் மூழ்கலாம் என்று பொருள்படாது. தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பதே அதன் கருத்து. வாவியில் இறங்கி உழைப்போருக்கு 100 மீற்றர் குறியுடையதே தகும். தோற்பட்டி உவர்நீரில் ஊறி இற்றுப்போகும். இறப்பர்ப் பட்டியோ நைலோன் பட்டியோ நெடுநாள் உழைக்கும்.

நல்ல கடிகாரத்துக்கும் பேணுதல் வேண்டும். வேலை முடிந்ததும், சாவி உள்ளே அழுந்தியிருப்பதைப் பார்த்துக்கொண்டு, நன்னீரிற் கழுவித் துடைத்தல் வேண்டும். மின்கலம் மாற்றும்பொழுது மூடியின் இறப்பர் வளையத்தையும் பார்த்து, நைந்திருந்தால் மாற்றுவித்தல் நலம்.

கூலியிலே சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்குவோருக்கு, மலிவென்று எண்ணியது ஓரிரு மாரிக்குள் கெட்டுப்போனால், செலவு இரட்டிப்பாகும். நல்ல உருக்குக்கும் நல்ல பூச்சுக்கும் ஒருங்கே பணம் போதாதாயின், பூச்சை விட்டுவிட்டு, வெறும் உருக்குக் கடிகாரத்தை வாங்குவதே அறிவுடைமை. அதில் உரிந்துபோக எதுவுமில்லை.