ஒரே கல்லில் கோட்டையும் ஒயினும்

சுற்றுலாக் குழுக்களை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போவது என் தொழில். பாரிஸைச் சுற்றி முடித்த குழுவிடம், "நாளைக்கு லுவார் நதிக்கரைக்குப் போறோம்" என்பேன். "அங்கே என்ன சார் இருக்கு?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். "அரண்மனை இருக்கு, ஒயின் இருக்கு" என்பேன். அரண்மனைக்காகப் பாதிப் பேர், இன்னொன்றுக்காக மீதிப் பேர், மறுநாள் காலை ஒருவர் விடாமல் பேருந்தில் ஏறிவிடுவார்கள்.

லுவார், பிரான்சிலேயே நீளமான நதி. ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் ஓடி அட்லாண்டிக்கில் கலக்கிறது. அதன் நடுப்பகுதிப் பள்ளத்தாக்கை 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அரண்மனைகளை எண்ண ஆரம்பித்தால் இன்றைய நேரம் போதாது. ஷம்போர் மட்டுமாவது சொல்லியாக வேண்டும். 1519இல் முதலாம் பிரான்சுவா மன்னர் கட்டத் தொடங்கியது. அதன் நடுவே ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு மேலேறும் இரட்டைப் படிக்கட்டு. ஒருவர் ஏற, மற்றவர் இறங்க, இருவரும் வழியில் சந்திக்கவே மாட்டார்கள்! குழந்தைகளோடு வந்தவர்கள் பாடு அங்கே திண்டாட்டம்தான். பிள்ளையின் குரல் கேட்கும், ஆள் சிக்காது.

அடுத்து ஷெனொன்சோ. ஷேர் நதியின் மேல் பாலம் போலக் கட்டிய மாளிகை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடித்த பகுதிக்கும் பிடிக்காத பகுதிக்கும் அந்த நதிதான் எல்லை. மாளிகையின் முன்வாசல் ஒரு பக்கம், நீண்ட கூடத்தின் கடைசிக் கதவு மறுபக்கம். தப்பிப் போனவர்களுக்கு அந்தக் கதவு உதவியிருக்கிறது.

சரி, நான் சொல்ல வந்தது இதையெல்லாம் இல்லை. மேற்கே ஷினோன், சோமூர் என்று இரண்டு சிறிய ஊர்கள். கூட்டமெல்லாம் ஷம்போரோடு திரும்பிவிடும். எனக்கோ அங்கேதான் மனசு.

ஒருமுறை குழுவில் ஓய்வுபெற்ற கட்டட மேஸ்திரி ஒருவர் வந்திருந்தார், விருதுநகர்ப் பக்கம். சோமூர்க் கோட்டையை எல்லோரும் படமெடுத்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் கீழே தெருவில் ஒரு வீட்டுச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். விரல் நுனியில் வெள்ளையாக மாவு. "ஏன் தம்பி, சாக்பீஸ்லயா ஊரைக் கட்டியிருக்காங்க? மழைக்கு நிக்குமா?" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்தக் கல்லுக்கு துஃபோ என்று பெயர். கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல், வயது சுமார் ஒன்பது கோடி ஆண்டு. குவாரியிலிருந்து எடுக்கும்போது உள்ளே ஈரம் நிறைய இருக்கும். மரம் அறுக்கிற மாதிரி ரம்பத்தால் அறுக்கலாம். காற்றுப்பட்டுக் காய்ந்தால் மேல்தோல் இறுகிவிடும். கைக்கு இணங்குகிற கல் என்பதால்தான் அந்த ஜன்னல் சட்டங்களிலும் கூரை முகப்புகளிலும் அவ்வளவு நுணுக்கமான சிற்ப வேலை. நதியில் படகேற்றித் தொலைதூர ஊர்களுக்கும் அனுப்பினார்கள். மழைக்கு நிற்கும், ஆனால் ஏடு ஏடாக உரியும். எங்காவது சாரம் கட்டி வேலை நடந்துகொண்டேதான் இருக்கும். 2001இல் சோமூர்க் கோட்டை மதிலின் ஒரு பகுதி சரிந்தே விழுந்தது. இதைச் சொன்னதும் மேஸ்திரிக்கு ஒரே திருப்தி. "நான்தான் சொன்னேனே!"

அதோடு விடவில்லை அவர். மதியம் ஓர் ஒயின் நிலவறைக்குப் போனோம். வெளியே வெயில், உள்ளே பன்னிரண்டு டிகிரி. குன்றைக் குடைந்த சுரங்கப்பாதை இருட்டுக்குள் நீள்கிறது, இரு பக்கமும் பாட்டில் அடுக்கு. சுவரெங்கும் உளித் தடம். மேஸ்திரி அந்தத் தடங்களுக்கு இடையே சாண் போட்டு அளந்தார். தெருவில் அந்த வீட்டுச் சுவரையும் அளந்து வைத்திருந்தார் போல. "அளவு ஒண்ணா இருக்கு தம்பி. மேல நிக்கிற கல்லு இங்கேருந்துதான் போயிருக்கு."

அதேதான்! கோட்டைக்கும் வீட்டுக்கும் கல் வெட்டினார்கள், குன்றுக்குள் குகை மிஞ்சியது. கோடையிலும் குளிரிலும் சூடு மாறாத இருட்டறை ஒயினுக்கு எவ்வளவு வசதி! சோமூரில் நுரைக்கிற ஒயின் செய்கிறார்கள். பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை புளித்து, மாதக்கணக்கில் அப்படியே படுத்துக் கிடக்க வேண்டும். அதற்குக் குகையைவிட நல்ல இடம் ஏது? மிஞ்சிய குகைகளில் காளான் வளர்த்தார்கள், நாம் பட்டன் காளான் என்கிறோமே, அதே ஜாதிதான். இன்னும் சில குகைகளில் மனிதர்கள் குடியிருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். குன்றின் மேல் திராட்சைத் தோட்டத்தில் நடந்தால், கொடி வரிசை நடுவே ஒரு புகைபோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். கீழே யாரோ சமைக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தக் கொடிகளின் வேரும் இந்தக் கல்லுக்குள்தான் இறங்குகிறது. கல் பிடித்து வைத்த ஈரத்தைக் கோடையில் வேர் குடிக்கிறது. குடிக்காத நேயர்கள் கோபிக்க வேண்டாம், சில நிலவறைகளில் உங்களுக்குத் திராட்சைச் சாறு தருவார்கள்.

ஷினோனைப் பற்றி இரண்டு வார்த்தை. 1429இல் ஜோன் ஆஃப் ஆர்க் இளவரசர் சார்லஸைத் தேடி வந்து சந்தித்தது அங்குள்ள கோட்டையில்தான். கோட்டையில் பெரும்பகுதி இடிபாடு; சரித்திரம் தெரிந்தவர்களுக்கு அதுவே போதும். மற்றவர்கள் கீழே பழைய தெருக்களில் நடக்கலாம், வியென் நதிக்கரையில் உட்காரலாம்.

வியென், லுவாரோடு சேருமிடம் கான்த் சான் மார்த்தான் என்ற கிராமம். மேலே ஏறிப் பார்த்தால் இரண்டு நதியும் மணல் திட்டுகளும் ஒரே பார்வையில் தெரியும். திட்டுகளில் வெறும் மணலில் ஆலாப் பறவைகள் முட்டையிடும். மணல் நிறத்திலேயே முட்டை, மிதித்த பிறகுதான் தெரியும். அதனால் வசந்தம் தொடங்கிக் கோடை வரை திட்டுகளில் இறங்கக் கூடாது. பைனாகுலர் கொண்டுபோங்கள்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கையாட்டுகிறார்கள். அம்புவாஸில் லியொனார்தோ டா வின்சி கண்மூடிய வீடு, வில்லாந்திரியின் காய்கறித் தோட்டம், இரண்டையும் சொல்லாமலே விடுகிறேன். போக வாய்ப்புக் கிடைத்தால் செப்டம்பர் கடைசியில் போங்கள், திராட்சை அறுவடை நேரம். சோமூரில் ஓர் இரவாவது தங்குங்கள். நிலவறைக்குள் நுழையுமுன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள்.