பழம்பொருளுக்கோர் உரைகல்
(சங்க ஆண்டுவிழாவில் நிகழ்த்திய பேச்சு)



வெளிநாட்டில் வாழும் எம்மவரின் பிள்ளைகள் விடுமுறைக்கு வேலணைக்கும் நெடுந்தீவுக்கும் வரும்போது, விளையாட்டு வீரரின் படம் பொறித்த சிறு அட்டைகளைப் பிளாஸ்டிக் உறையிலிட்டுக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். உறையின்மேல் 9, 10 என்று எண் இருக்கும். "காகிதத்துக்கும் பரீட்சைப் புள்ளியோ?" என்று பெரியோர் நகைப்பதுண்டு. நாமும் நகைத்தோம், ஆராய்ந்தபின் நகைப்பு நின்றது.

பொன்னை விற்பவன் மாற்று உயர்வென்பான்; வாங்குபவன் குறைவென்பான். இருவருக்கும் உறவில்லாத உரைகல்லே உண்மை சொல்லும். அமெரிக்காவில் 1991ஆம் ஆண்டு தொடங்கிய பி.எஸ்.ஏ. என்னும் நிறுவனம் அட்டைகளுக்கு அத்தகைய உரைகல்லாயிற்று. அட்டை மெய்யானதா, மூலை மழுங்கியதா, ஓரம் தேய்ந்ததா, படம் நடுவில் அமைந்ததா என்று பார்த்து, 1 முதல் 10 வரை தரமிட்டு, உறையில் அடைத்துக் கொடுக்கிறது. வாங்குபவனுக்கு நம்பிக்கை, விற்பவனுக்கு நியாயவிலை, பொருளுக்குப் பாதுகாப்பு ஆகிய மூன்றும் இதன் பயன்கள்.

ஆயினும் உரைகல்லும் பிழைப்பதுண்டு. அந்நிறுவனம் முதன்முதல் தரமிட்ட ஹோனஸ் வாக்னர் அட்டை 8 புள்ளி பெற்றது. அதன் ஓரங்களைத் தாமே வெட்டியதாக, அதனை முன்னர் விற்ற வியாபாரி 2013இல் ஒப்புக்கொண்டார். ஆகவே எண்ணை நம்பினாலும் கண்ணை மூடலாகாது.

அட்டை எமக்குப் புதிது, காசோ பழையது. நந்தியும் 'சேது' என்னும் சொல்லும் பொறித்த ஆரியச்சக்கரவர்த்திகளின் காசுகளும், 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தரின் வி.ஓ.சி. காசுகளும் எம் மண்ணின் சாட்சிகள். காசுகளைத் தரமிட 1949இலேயே ஷெல்டன் என்பவர் 1 முதல் 70 வரையான அளவுகோலை வகுத்தார்.

சிறுவயதில் பேரனாரின் பெட்டகத்திலிருந்த ஒல்லாந்தக் காசொன்றைப் பழப்புளியிட்டுத் தேய்த்தோம். அது பளபளத்தது, நன்மை செய்தோமென மகிழ்ந்தோம். பின்னர் காசறிந்த பெரியவர் ஒருவர் அதைப் பார்த்து, "தம்பி, இருநூறு வருசத்து நிறத்தை ஒரு பின்னேரத்திலே கழுவிப்போட்டீரே!" என்றார். தேய்த்துக் கழுவிய காசுக்குத் தரமிடுவோர் முழுத்தரம் கொடார். பேரனார் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எம்மை அதிகம் வருத்தியது.

ஆதலால் இளைஞர்களே, பழங்காசைத் தேய்க்காதீர்கள்; ஓரத்திற் பிடியுங்கள்; கிடைத்த இடத்தை எழுதி வையுங்கள். மண்ணிற் கண்டெடுத்ததை, 1940ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். பெரியோர்களே, பெட்டகங்களைத் திறந்து, அவற்றின் கதையை எமக்குச் சொல்லுங்கள். மதிப்பறியாதவன் கையில் மாணிக்கமும் கூழாங்கல்லே.