கூட்ஸ் வண்டியைப் படமெடுக்கும் கணக்கு வாத்தியார்

(வட்டார அளவிலான ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ‘என் பொழுதுபோக்கும் என் வகுப்பறையும்’ என்ற தலைப்பில் கணிதப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசிய ஆசிரியை மாடித்தோட்டம் பற்றிச் சொன்னார். கையோடு நாலு கத்தரிக்காயும் கொண்டுவந்திருந்தார். நான் கொண்டுவந்திருப்பது கூட்ஸ் வண்டிப் படங்கள். இவற்றைக் குழம்பில் போட முடியாது. மன்னிக்க வேண்டும்.

ரயில்வே கேட்டில் நின்று கூட்ஸ் வண்டிப் பெட்டிகளை எண்ணாதவர் இந்த அரங்கில் யாராவது உண்டா? இருக்க முடியாது. எண்ணி முடித்ததும் பக்கத்தில் நிற்பவரின் எண்ணிக்கையோடு ஒன்றிரண்டு இடிக்கும். அதற்குள் கேட் திறந்துவிடும், மறந்துவிடுவோம். எனக்கு மட்டும் மறக்கவில்லை. யார் எண்ணியது சரி என்று பார்க்கத்தான் முதன்முதலில் கைப்பேசியில் ஒரு கூட்ஸ் வண்டியைப் படம் பிடித்தேன். பிறகு ஒரு பழைய கேமரா வாங்கினேன். இப்போது வீட்டில் ஆயிரக்கணக்கில் படங்கள் சேர்ந்துவிட்டன. “பயணிகள் ரயிலையாவது எடுத்தால் நாலு முகம் தெரியும்” என்பது என் மனைவியின் கருத்து.

நான் நீடாமங்கலம் பக்கத்துக்காரன். தஞ்சாவூர்–நாகப்பட்டினம் சாலையில் போய்வந்தவர்களுக்கு எங்கள் ஊர் கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே காத்திருந்த நேரத்தைச் சேர்த்து வைத்திருந்தால் இன்னொரு பட்டம் வாங்கியிருப்பேன். காரைக்கால் துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிய வண்டி திருவாரூர், நீடாமங்கலம், தஞ்சாவூர் வழியாக மேற்கே போகும். அறுவடைக் காலத்தில் கொள்முதல் நெல் எங்கள் நிலையத்தில் ஏறி, அரவைக்காக வெளி மாவட்டங்களுக்குப் போகும். ஊரே அந்தக் கேட்டைத் திட்டும். கேமரா பிடித்தவனுக்கு அதுவே சௌகரியம்.

ஒருநாள் ஒன்பதாம் வகுப்பில் இரண்டு படங்களைக் காட்டினேன். ஒன்று நிலக்கரி வண்டி, திறந்த வேகன்கள். இன்னொன்று நெல் வண்டி, மூடிய வேகன்கள். எண்ணச் சொன்னேன். நிலக்கரியில் 58, நெல்லில் 42. கடைசியில் வரும் கார்டு பெட்டி கணக்கில் இல்லை. ஒரு மாணவி எழுந்து, “ரெண்டும் கூட்ஸ்தானே சார், ஏன் ஒரே எண்ணிக்கையா இல்ல?” என்றாள். எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்றுதான் சொன்னேன். விடை தேட ஒரு வாரம் ஆனது.

ஒரு வண்டி இன்னொன்றுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் பாதையை லூப் லைன் என்பார்கள். அதற்கு நம் ரயில்வேயில் வழக்கமாகக் கொள்ளும் நீளம் 686 மீட்டர். எஞ்சினும் கார்டு பெட்டியும் சேர்ந்து முழு வண்டியும் அதற்குள் அடங்க வேண்டும். நிலக்கரி வேகன் ஒன்று ஏறத்தாழ 10.7 மீட்டர். 58ஆல் பெருக்கினால் 620 மீட்டர் சொச்சம். பழைய வகை மூடிய வேகன் 14.5 மீட்டர். 42ஆல் பெருக்கினால் 609. அவ்வளவுதான் ரகசியம். அந்த மாணவி கேட்காமல் இருந்திருந்தால் இத்தனை வருடம் எண்ணியும் எனக்கு இது தெரிந்திருக்காது.

அதன்பிறகு படங்கள் அடிக்கடி வகுப்புக்கு வந்தன. ஒரு படத்தில் வேகனின் எண் கலங்கித் தெரிந்தது. ஏன்? மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் 16.7 மீட்டர் போகிறது. கேமரா 1/60 நொடி திறந்திருந்தால், அதற்குள் வேகன் 28 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். எழுத்து அழிந்துதான் தெரியும். 1/1000 நொடி என்றால் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு, எண்ணைப் படித்துவிடலாம். வேகம், காலம், தொலைவு பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். “அப்ப 1/250 வச்சா சார்?” என்று யாரும் அதுவரை கேட்டதில்லை.

வேகன் எண்ணைப் பற்றிச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. அது 11 இலக்கம். முதல் இரண்டு வேகனின் வகை. 30 முதல் 39 வரை என்றால் மூடிய வேகன், 40களில் இருந்தால் டேங்கர். அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்கு உரியது என்பது. அதற்கடுத்த இரண்டு தயாரான ஆண்டு. பிறகு நான்கு இலக்கம் அந்த வேகனின் சொந்த எண். பதினொன்றாவது சரிபார்ப்பு இலக்கம்.

எடுத்துக்காட்டுக்கு 31031204563 என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்து இலக்கங்களில் இரட்டைப்படை இடங்களில் உள்ளவை 1, 3, 2, 4, 6. கூட்டினால் 16, மூன்றால் பெருக்கினால் 48. ஒற்றைப்படை இடங்களில் 3, 0, 1, 0, 5. கூட்டினால் 9. இரண்டும் சேர்ந்து 57. அடுத்த பத்தின் மடங்கு 60. எத்தனை குறைகிறது? 3. அதுதான் கடைசி இலக்கம். எண்ணைக் குறிப்பவர் ஒரு இலக்கத்தைத் தவறாக எழுதினாலும் கணக்கு இடித்துக் காட்டிவிடும். ஒருமுறை எங்கள் பிள்ளைகளின் கணக்கு இடித்தது. ரயில்வே தப்பு செய்துவிட்டது என்று ஒரே கொண்டாட்டம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், நிலக்கரித் தூசி படிந்த 3 ஒன்றை இவர்கள் 8 என்று படித்திருந்தார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் பெருமை. இனிச் சொல்வதைச் சொல்லத்தான் நண்பர்கள் அழைத்தபோது வருகிறேன் என்றேன்.

என் படங்களில் எல்லோரும் பாராட்டிய படம் ஒன்று இருந்தது. தண்டவாளத்துக்கு வெகு அருகில் உட்கார்ந்து, எஞ்சின் முகம் படம் முழுக்க நிறைய எடுத்தது. கேமரா வாங்கிய புதிதில் எடுத்தேன். அதைப் பெரிதாக அச்சிட்டு வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மாலை கேட் கீப்பரிடமிருந்து அழைப்பு. “உங்க ஸ்கூல் பசங்க ரெண்டு பேர் லைன்ல நிக்கிறாங்க சார். கத்தி ஓட்டிவிட்டேன், போக மாட்டேங்கறானுங்க.” போய்ப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்புப் பையன்கள், கையில் ஒரு கைப்பேசி. நிலையத்தைத் தாண்டி, ஒரு வண்டியைப் படமெடுக்கப் பக்கத்துப் பாதையில் நின்றிருக்கிறார்கள். அந்தப் பாதையிலும் வண்டி வரும் என்பது மனதில் படவில்லை. டீசல் எஞ்சின் என்றால் தொலைவிலேயே தரை அதிரும். இப்போது எங்கள் தடம் மின்மயம். மின்சார எஞ்சின் அவ்வளவு முன்கூட்டியே சத்தம் கொடுப்பதில்லை, காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் இன்னும் மோசம்.

அடிக்கக் கை ஓங்கினேன் என்பதையும் மறைக்கவில்லை. அவர்களில் ஒருவன் அழுதுகொண்டே சொன்னான்: “செவத்துல இருக்கற உங்க படம் மாதிரியே வரும்னு பார்த்தோம் சார்.”

ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

அன்றிரவே பள்ளிச் சாவியை வாங்கிக்கொண்டு போய் அந்தப் படத்தைக் கிழித்துப் போட்டேன். மறுநாள் இரண்டு வீடுகளுக்கும் போனேன். அந்தப் பையனின் அம்மா நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு, நின்றபடியே கேட்டார்: “நீங்க எடுத்தா பொழுதுபோக்கு, எம்புள்ள எடுத்தா தப்பா சார்?” என்னிடம் பதில் இல்லை. நான் எடுத்ததும் தப்புதான் என்றேன். அத்துமீறி ரயில் பாதையில் நுழைவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றம். படித்த எனக்கே அது அப்போதுதான் தெரியும்.

பையனின் அப்பா எங்கள் நிலையத்தில் நெல் மூட்டை ஏற்றும் தொழிலாளி. அவர் அதட்டவில்லை. “திங்கக்கிழமை ஸ்கூலுக்கு நான் வரட்டுமா சார்? வேகன் பக்கத்துல எப்படி இருக்கணும்னு நான் சொல்றேன்” என்றார். வந்தார். நிற்கும் வேகன்மேல் ஏறக் கூடாது, மேலே போவது 25,000 வோல்ட், கம்பியைத் தொடவே வேண்டாம், நெருங்கினாலே இழுத்துவிடும் என்று சொன்னார். செல்ஃபி எடுக்க வேகன்மேல் ஏறி உயிரைவிட்ட பிள்ளைகள் நம் மாநிலத்திலேயே உண்டு. நான் சொல்லியிருந்தால் அறிவுரையாகப் போயிருக்கும். அவர் சொன்னபோது வகுப்பில் ஒரு சத்தம் இல்லை.

போகும்போது ஒரு கணக்கும் விட்டுவிட்டுப் போனார். “ஒரு வேகனுக்கு ஆயிரத்து இருநூறு மூட்டை ஏத்துவோம், கிட்டத்தட்ட.” பிள்ளைகள் போட்டுப் பார்த்தார்கள். 2,000 டன் நெல், மூட்டை 40 கிலோ. ஆக 50,000 மூட்டை. 42 வேகனுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 1,190. பத்து மூட்டைதான் வித்தியாசம். அத்தனையும் மனிதர்கள் தலையில் ஏறிப் போகின்றன. ஆயிரக்கணக்கில் படம் எடுத்திருந்தேனே, அவற்றில் ஒன்றில்கூட ஒரு சுமைதூக்கும் தொழிலாளியின் முகம் இல்லை. என் மனைவி சொன்னதை அப்போதுதான் நினைத்துக்கொண்டேன்.

தலைமையாசிரியர் அம்மா இந்த வேலையே இனி வேண்டாம் என்றார். அவர் நிலையில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பல நாள் பேசி, பெற்றோரையும் கேட்டு, ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். நடைமேடை, கேட்டுக்கு வெளியே சாலை ஓரம், பள்ளி மாடி ஆகிய மூன்று இடங்களிலிருந்து மட்டும் படம் எடுக்கலாம். நடைமேடை என்றால் நிலைய அதிகாரியிடம் சொல்லிவிட்டு, ஆசிரியரோடு மட்டும். நானும் இந்த மூன்று இடங்களைத் தாண்டுவதில்லை. தாண்டினால் கேள்வி கேட்கப் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு. ஒருமுறை கேட்டும் இருக்கிறார்கள்.

எட்டி நின்று எடுக்க ஆரம்பித்ததில் படங்கள் மாறிவிட்டன. எஞ்சின் சிறிதாகிவிட்டது. அதன் முன்னால் நடவு வயல் வந்தது, கேட்டில் காத்திருக்கும் பால்காரர் வந்தார், மிதிவண்டியில் காலை ஊன்றி எண்ணிக்கொண்டிருக்கும் சிறுமி வந்தாள்.

இதோ திரையில் இருப்பது நான் எடுத்ததல்ல. தண்டவாளத்தில் நின்று மாட்டிக்கொண்டான் என்றேனே, அந்தப் பையன் அனுமதி வாங்கி நடைமேடையிலிருந்து எடுத்தது. மூட்டையோடு வேகனுக்குள் ஏறுபவர் அவன் அப்பா. முகம் பாதிதான் தெரிகிறது, மூட்டை மறைக்கிறது. பக்கத்தில் வேகன் எண் தெளிவாக இருக்கிறது பாருங்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டோம், சரியாக வருகிறது.