"டென்ட்ட மேல தூக்கிப் போடுங்க தம்பி": பழவேற்காட்டில் ஒரு ராத்திரி

இன்னைக்கு கேம்பிங் பாதுகாப்பு பத்திப் பேசலாம். "எந்த டென்ட் வாங்கலாம், எந்த பவர் பேங்க் நல்லது"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அதுக்கு முன்னாடி நானே பண்ணின ஒரு முட்டாள்தனத்தைச் சொல்லிடறேன்.

ஒரு தை மாசப் பௌர்ணமி. ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் பழவேற்காடு கிளம்பினோம். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து, நம்ம நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. லைட் ஹவுஸ் குப்பம் தாண்டி, சாயங்காலம் நாலு மணிக்கு அகலமான ஒரு மணல்திட்டைப் பார்த்தோம். தட்டையா, சுத்தமா, தண்ணிக்குப் பக்கத்துலயே. "செம ஸ்பாட்டு மச்சி"ன்னு டென்ட் அடிச்சோம். நாலு பேரும் இன்ஜினியர்கள். ஒருத்தருக்கும் அந்த மணல் ஏன் ஈரமா இருக்குன்னு கேட்கத் தோணல.

வலையைத் தோள்ல போட்டுக்கிட்டு ஒரு பெரியவர் வந்தார். "யாரக் கேட்டு தம்பி இங்க போட்டீங்க?"ன்னார். ஏதோ அனுமதி கேட்கறார்னு நினைச்சு, "ஏன் ஐயா, இங்க போடக் கூடாதா?"ன்னேன். சிரிச்சார். "தண்ணி வத்தியிருக்கிற நேரத்துல வந்திருக்கீங்க. இன்னைக்குப் பௌர்ணமி. ராத்திரி ஏறும். டென்ட்ட மேல தூக்கிப் போடுங்க."

அரைமனசாத்தான் மாத்தினோம். ராத்திரி ஒன்பதரைக்கு டார்ச் அடிச்சுப் பார்த்தா, பழைய இடத்துல கணுக்காலுக்கு மேல தண்ணி. தூங்கிட்டு இருந்திருந்தா?

விஷயம் சிம்பிள். நம்ம கரையில ஒரு நாளைக்கு ரெண்டு தடவை தண்ணி ஏறி, ரெண்டு தடவை இறங்கும். ஏறி இறங்க ஏறக்குறைய ஆறு ஆறு மணி நேரம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம். உயரத்துல பார்த்தா கொஞ்சம்தான். ஆனா மணல் தட்டையா இருக்கறதால, ஒரு சாண் ஏறினாலே பல மீட்டர் உள்ளே வந்துடும். காய்ஞ்ச பாசி, சிப்பி, குச்சியெல்லாம் ஒரு கோடு மாதிரி ஒதுங்கிக் கிடக்கும் பாருங்க, தண்ணி கடைசியா ஏறி நின்ன இடம் அதுதான். அந்தக் கோட்டுக்கு நல்லா மேல போய்த்தான் டென்ட் போடணும்.

அடுத்தது முகத்துவாரம். ஏரி பல இடத்துல இடுப்பளவுதான், அதனால பயமே வராது. ஆனா தண்ணி இறங்கும்போது, அவ்வளவு பெரிய ஏரி அந்தக் குறுகலான வாய் வழியா கடலுக்குப் போகும். அந்த இழுப்புல நீச்சல் தெரிஞ்சவங்களும் தாக்குப்பிடிக்கறது கஷ்டம். அங்க இறங்காதீங்க.

படகு பத்தியும் சொல்லணும். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் ஞாயிறு. இதே ஏரியில சுற்றுலா வந்தவங்க போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தாங்க. அளவுக்கு மீறின ஆட்கள், லைஃப் ஜாக்கெட் இல்ல. இன்னைக்கும் "ஒரு ரவுண்டு போலாமா"ன்னு யாராவது கூப்பிட்டா, அந்தத் தேதியை நினைச்சுக்குங்க.

"வானம் தெளிவா இருக்கே, ஆப்லயும் வெயில்தான் காட்டுது"ன்னு சொல்வீங்க. 2024 மே 6, கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில 5 மருத்துவ மாணவர்களை அலை இழுத்துட்டுப் போச்சு. எங்கேயோ தெற்குப் பெருங்கடல்ல காத்து கிளப்பின அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி, இங்க காத்தே இல்லாதப்போ கரை ஏறும். கேரளாவில் இதுக்குப் பேரு கள்ளக்கடல். ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் அப்பவும் எச்சரிக்கை கொடுத்திருந்தது. அதனால மழை ஆப்போட நிறுத்தாம, கடல் எச்சரிக்கையையும் பாருங்க. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழைக் காலத்துல, இந்தக் கரையில டென்ட் ஆசையே வேண்டாம்.

சின்ன விஷயங்கள் சில. ஆழமில்லாத தண்ணியில காலைத் தூக்கி வைக்காம தேய்ச்சு நடங்க, மணலுக்குள்ள திருக்கை படுத்திருக்கலாம். பாம்பு கடிச்சா கட்டுப் போடறது, கீறறது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை அசையவிடாம 108க்கு போன் பண்ணி, அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்க. கடல்ல ஆபத்துன்னா கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554. சிக்னல் இருக்கும்போதே இதையெல்லாம் சேவ் பண்ணிடுங்க. அப்புறம், ஏரியில ஒரு பகுதி பறவைகள் சரணாலயம். வனத்துறை அனுமதி இல்லாம உள்ள தங்கக் கூடாது.

இப்போ எந்த ஊருக்குப் போனாலும் பையை இறக்கறதுக்கு முன்னாடி, வலை பின்னிட்டு இருக்கிற யார்கிட்டயாவது போய், "அண்ணே, ராத்திரி தண்ணி எதுவரைக்கும் வரும்?"னு கேட்டுடறேன். இதுவரைக்கும் யாரும் முகம் சுளிச்சதில்ல. ஒருத்தர் டீ கூட வாங்கிக் கொடுத்தார்.

டென்ட், பவர் பேங்க் எல்லாம் அடுத்த எபிசோடுல. பத்திரமா போயிட்டு வாங்க மக்களே.