வழியறிந்தார் கடன்

 

தமிழில் பயணத்தைப் பாடிய நூல்கள் பல. அவற்றுள் ஆற்றுப்படை என்னும் வகை தனித்து நிற்பது. கூத்தர், பாணர், பொருநர், விறலியர் என்போருள் பரிசில் பெற்று மீள்பவர், வறுமையோடு எதிர்ப்படுவோரைத் தாம் பெற்ற இடத்திற்கு வழிப்படுத்துவது அதன் இலக்கணம். தொல்காப்பியர் புறத்திணையியலில் இதனை வகுத்துரைத்தார். வள்ளலின் புகழே ஆற்றுப்படையின் பொருள் என்று பொதுவாகக் கருதுவதுண்டு. ஆயின், புகழுக்கு முன்னே நிற்பது வழி. தான் நடந்தறிந்த வழியை, இனி நடக்கவிருப்பவனுக்கு ஒளிவுமறைவின்றி எடுத்துரைக்கும் கடமையே அந்நூல்வகையின் உயிர். மலைவழி நடந்து இறைவனைத் தொழும் அடியார்க்கும், கவிதை எழுதும் கைகளுக்கும் அக்கடமை பொதுவானது என்பதே இவ்வுரையின் கருத்து.

இதனை ஆராய்வதற்கு மாகறல் பொருத்தமான இடம். காஞ்சியிலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், சேயாற்றின் கரையில் அமைந்தது இவ்வூர். தொண்டை நாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் முப்பத்திரண்டனுள் ஒன்று. செய்யாறு என்று இன்று வழங்கும் அவ்வாறு, சவ்வாது மலையில் பிறந்து, செங்கத்தையும் திருவோத்தூரையும் கடந்து, மாகறலைத் தொட்டுச் சென்று, திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கின்றது. இந்த ஒரே ஆற்றின் கரையில் தமிழின் இரண்டு பெரும் பயணங்கள் நிகழ்ந்துள்ளன. ஒன்று மலைபடுகடாம் காட்டும் கூத்தர் பயணம். மற்றொன்று ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மேற்கொண்ட தலப்பயணம்.

பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம் 583 அடிகளால் ஆயது. கூத்தராற்றுப்படை என்பதும் அதன் பெயர். இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் நன்னன். அவன் ஊர் செங்கண்மா, இன்றைய செங்கம். அவன் நாட்டு நவிர மலையில் நஞ்சுண்ட கடவுள் உறைவதை அந்நூல் குறிக்கின்றது. அம்மலையை இன்றைய பர்வதமலையாக அறிஞர் கொள்வர். எனவே, பரிசிலுக்குச் செல்லும் வழியும் கடவுளைத் தொழச் செல்லும் வழியும் அந்நூலில் ஒன்றாகவே பின்னிக் கிடக்கின்றன.

அந்நூலின் வழிகாட்டி பேசும் முறை ஈண்டு நோக்கத்தக்கது. மலை அழகியது என்று மட்டும் சொல்லி அவன் அமையவில்லை. பன்றிகளை வீழ்த்த வைத்த பொறிகள் உள்ளன. ஆகவே பொழுது புலர்ந்தபின் நடக்க வேண்டும் என்கின்றான். தினைப்புனங் காப்போர் யானையை ஓட்ட எறியும் கவண்கற்கள் வந்து விழும்; மரங்களின் மறைவில் ஒதுங்க வேண்டும் என்கின்றான். பாம்பு மறைந்து கிடக்கும் இடம், பாசி படிந்து கால் வழுக்கும் இடம், கொடியைப் பற்றிக் கடக்க வேண்டிய இடம், இரவில் தங்கத்தக்க முழை ஆகிய யாவும் அவன் நாவில் உள்ளன. அடுத்து, யார் சோறிடுவர் என்பதைச் சொல்கின்றான். குறிஞ்சி மக்களின் தினைச்சோறும் ஊனும், ஆயர் தரும் பாலும், உழவர் தரும் உணவும் முறையே வருகின்றன. மலை கடந்தபின், சேயாற்றின் ஒரு கரையைப் பற்றியே நடந்து செல்லுமாறு பணிக்கின்றான்.

இவை அனைத்தினும் சிறந்த ஒரு கட்டளை அந்நூலில் உண்டு. வழிகள் பிரியும் சந்திகளில், புதிதாக வருவோர் மயங்காதிருக்கும்பொருட்டு, இடத்தைக் கையால் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் வைத்துச் செல்லுங்கள் என்பதே அது. வழி கேட்டுச் செல்பவனே, செல்லும்போதே, தனக்குப் பின் வருபவனுக்கு வழிகாட்டியாகின்றான். முன்னே சென்றவனுக்குப் பட்ட கடனைப் பின்னே வருபவனிடம் தீர்க்கும் இவ்வறம், மலைபடுகடாத்தின் பரிசில் அனைத்தினும் பெரிது.

சம்பந்தர் பயணத்திலும் இவ்வறம் தொடர்கின்றது. திருக்கோவலூரை அடுத்த அறையணிநல்லூர்க் குன்றின்மேல் அவர் நின்றபோது, உடனிருந்த அடியார்கள் தொலைவில் தோன்றிய அண்ணாமலையை அவருக்குக் காட்டினர் என்று சேக்கிழார் கூறுவார். ஞானக்குழந்தைக்கும் மலையைக் காட்ட அந்நிலம் அறிந்த ஒருவர் வேண்டியிருந்தார். அங்கிருந்து அண்ணாமலை, பின் திருவோத்தூர், மாகறல், குரங்கணில்முட்டம், காஞ்சி எனச் செலவு நீள்கின்றது. குன்றுகளும் அவற்றின் அடிவாரமும் மெல்லத் தணிந்து வயல்வெளியாகும் நிலம் அது.

மாகறல் பதிகம் மூன்றாம் திருமுறையில் உள்ளது. கழனியில் தொழில் செய்யும் பெண்களின் பாட்டொலியும் விளையாட்டொலியுமே அதன் தொடக்கம். இறைவன் பின்னர் வருகின்றான். ஊரின் ஒலி முதலில் வருகின்றது. நடந்து வருவோர் ஓர் ஊரை அறியும் முறை இதுவே. கோயிலைக் காணுமுன் வயலைக் கேட்கின்றனர். மலைபடுகடாமும் மலையில் எழும் பல்வேறு ஒலிகளை வரிசையாக அடுக்கி, அவற்றை யானையின் மதத்திற்கு ஒப்பிட்டே அப்பெயர் பெற்றது. சம்பந்தர் முத்துச்சிவிகையில் சென்றாரே எனின், அச்சிவிகையும் சுமப்போர் கால்களின் வேகத்தில்தான் சென்றது. சுமந்தவர் செவியிலும் அவர் செவியிலும் விழுந்த ஒலி ஒன்றே.

இம்மரபு நூலோடு நின்றுவிடவில்லை. குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகத் தைப்பூசத்திற்குப் பழனி செல்லும் நகரத்தார் காவடியில், எந்த ஊரில் தங்குவது, எங்கே உண்பது என்பன தலைமுறை தலைமுறையாக வரையறுக்கப்பட்டுள்ளன. சபரிமலைப் பெருவழியில் எருமேலி முதல் பம்பை வரை காடும் மேடும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் நீள்கின்றன. அவ்வழியில் பலமுறை மலையேறிய குருசாமியே கன்னிச்சாமியை அழைத்துச் செல்கின்றார். இருமுடி கட்டுவது முதல் கரிமலை ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது எங்கே அமர்வது என்பது வரை அவர் சொல்லே வழி. அழுதையாற்றில் மூழ்கி எடுத்த கல்லைக் கல்லிடும் குன்றில் இட்டுச் செல்வது அங்கே வழக்கம். அக்குவியலைக் காண்பவர், தமக்கு முன் எண்ணற்றோர் அவ்வழி நடந்ததை உணர்கின்றனர். சங்கப் புலவன் முடியச் சொன்ன புல்லும் அடியார் இடும் கல்லும் ஓரினத்தவை.

இன்று நிலை என்ன? தொண்டை நாட்டுத் தலங்களை வேனில் ஏறி, நாளொன்றுக்குப் பத்தாகக் கண்டு திரும்புவோர் மிகுதி. முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் அது பேருதவி. அதனைப் பழித்தல் முறையன்று. ஆயின், கோயில்கள் எஞ்ச, அவற்றிடையே உள்ள வழி மறைகின்றது. எந்தக் கிணற்று நீர் நல்லது, எந்த ஆலமரத்தடியில் தங்கலாம், ஆற்றில் எவ்விடம் இறங்கலாம் என்னும் அறிவு எந்த ஏட்டிலும் இல்லை. நடந்தவர் கால்களில்தான் இருந்தது. அவர்களோடு அது போய்விடும்.

வழியறிந்தார் துணையின்றி மலையேறுவோரும் பெருகியுள்ளனர். கோவைக்கு அருகிலுள்ள வெள்ளியங்கிரியில் 2024ஆம் ஆண்டுக் கோடையில் மலையேறிய அடியார் சிலர் மூச்சுத்திணறலாலும் உடல்நலக் குறைவாலும் உயிரிழந்தனர். அதே ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் அண்ணாமலைச் சரிவில் பெருமழையால் மண்ணும் பாறையும் சரிந்து, அடிவாரத்து வீட்டில் இருந்த எழுவர் மாண்டனர். அம்மாதக் கார்த்திகைத் தீபத்தன்று மலையேற அடியார்க்கு ஒப்புதல் தரப்படவில்லை. மலை அருள் தருவது போலவே ஆபத்தும் தரும். இரண்டனையும் ஒருசேரச் சொன்னவன் மலைபடுகடாத்தின் கூத்தன். பக்தியை மட்டும் சொல்லி இடரை மறைப்பவன் வழிகாட்டி ஆகான். ‘இன்று ஏற வேண்டா, திரும்புக’ என்று சொல்லும் துணிவும் வழிகாட்டிக்கு வேண்டும்.

கவிஞர்க்கு இதில் என்ன உள்ளது எனின், மூன்று உள்ளன. முதலாவது, நடந்தறியாத நிலத்தைப் பாடாமை. மலை, அருவி, முகில் என்னும் சொற்கள் எவர்க்கும் எளிதில் கிட்டும். பாசி வழுக்கும் கல் எது என்பது நடந்தவர்க்கே கிட்டும். இரண்டாவது, இடரை மறையாமை. வாழ்வின் வழியில் பொறியும் பாம்பும் இருக்கும்போது பூவை மட்டும் பாடுதல் பின்வருவோரை ஏமாற்றுவதாகும். மூன்றாவது, அடையாளம் வைத்துச் செல்லுதல். காஞ்சித் தறியில் பழைய பாவு தீரும்போது, அதன் நுனிகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முடிந்து சேர்ப்பர். ஓரிழை விடுபட்டாலும் துணியில் அது தெரியும். மூத்த கவிஞர் இளையவர்க்குச் செய்ய வேண்டுவது அந்த முடிச்சே. பாராட்டுரை அதற்கு ஈடாகாது. ‘இவ்வழி சென்றேன், இங்கே இடறினேன்’ என்னும் உண்மையுரையே பயன் தரும்.

பத்தாண்டு நிறைவெய்தும் இலக்கிய வட்டம் மேற்கொள்ளத்தக்க பணி ஒன்றுண்டு. திருவோத்தூரிலிருந்து மாகறல், குரங்கணில்முட்டம் வழியாகக் காஞ்சி வரை உறுப்பினர் சிலர் நடந்து செல்லலாம். அடுத்த ஆண்டு சேயாற்றை எதிர்த்து மேற்கே நடந்து பர்வதமலை அடிவாரத்தையும் செங்கத்தையும் எட்டலாம். வழியிலுள்ள ஊர், குளம், மண்டபம், மரம், அவற்றுக்கு அங்குள்ள முதியோர் வழங்கும் பெயர்கள் ஆகியவற்றை எழுதி வைக்கலாம். குறிஞ்சி நிலத்துப் பெயர் ஒன்று மறையுமுன் ஏட்டில் ஏறுமாயின், அதுவும் ஓர் ஆற்றுப்படையே. அவ்வேட்டைக் கையில் கொண்டு, இன்னும் பிறவாத ஒருவர் அவ்வழி நடப்பார். அவருக்காகச் சந்திகளில் புல் முடியும் பணியை இவ்வவை தொடங்குவதாக.